கீழவாஞ்சூரில் மிச்சம் பிடித்த பெட்ரோல் காசு... ஆக்ஸிலேட்டரில் காலியாவது எப்படி?

நாகூரைத் தாண்டி கீழவாஞ்சூருக்குள் நுழைந்தாலே காரைக்கால் பகுதி, அதாவது புதுச்சேரி யூனியன் பிரதேசம் தொடங்கிவிடும். அங்கே வாட் வரி குறைவு என்பதால் பெட்ரோல் விலையும் தமிழ்நாட்டைவிட லிட்டருக்கு சில ரூபாய் குறைவு. நாகை பக்கத்து கார்கள் அங்கே பங்க் தேடிப் போவது அதற்காகத்தான். (ஊர்ப் பெயரைக் கேட்டதும் வேறு கடை ஞாபகம் வந்தால், அது தனிக்கதை!)

டேங்க் நிரப்பியாச்சு. அடுத்து என்ன நடக்கிறது?

காரைக்கால் துறைமுகம் இருப்பதும் இதே கீழவாஞ்சூரில்தான். நிலக்கரி லாரிக்குப் பின்னால் 30 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து, கொஞ்சம் இடம் கிடைத்ததும் ஆக்ஸிலேட்டரை தரையோடு மிதித்து ஓவர்டேக். முன்னால் இன்னொரு லாரி. உடனே பிரேக்!

எஞ்சின் லோடு என்றால் என்ன?

காரில் ஏற்றிய மூட்டையின் எடை மட்டுமல்ல. ஓடிக்கொண்டிருக்கும் ஆர்பிஎம்மில் எஞ்சினால் தர முடிந்த விசையில், நாம் எவ்வளவு கேட்கிறோம் என்பதுதான் லோடு. மேடே இல்லாத டெல்டா சாலையில் லோடு சட்டென ஏறுவது பெரும்பாலும் வேகம் எடுக்கும்போதுதான்.

அப்போ பூப்போல மிதித்தால் மைலேஜ் கூடுமா? அங்கேதான் ட்விஸ்ட். பெட்ரோல் எஞ்சினில் பெடலை லேசாக மிதித்தால் காற்று போகும் த்ராட்டில் பாதி மூடியே இருக்கும். இளநீர் ஸ்ட்ராவை விரலால் நசுக்கிக்கொண்டு உறிஞ்சுவது போல, காற்றை இழுக்கவே எஞ்சின் சக்தியைச் செலவழிக்கும். டீசல் எஞ்சினில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

முழுசாக மிதித்தாலும் நஷ்டம்தான். வழக்கமாக 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று. முழு மிதியில் பல கார்களின் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை ஊற்றி, அந்த அளவை 13-க்கும் கீழே கொண்டுவந்துவிடும். கூடுதலாகப் போனது முழுசாக எரியாமல் சைலன்சர் வழியே வெளியேறும்.

எனவே நடுத்தரமாக மிதித்து, 2,000–2,500 ஆர்பிஎம்முக்குள் அடுத்த கியர் மாற்றுவதுதான் பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு லாபம். எஞ்சின் திணறினால் மட்டும் கியரைக் குறைக்க வேண்டும்.

கணக்கு போட்டால்...

1,000 கிலோ காரை நின்ற இடத்திலிருந்து 60 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோக, அந்த வேகத்துக்கான ஆற்றலுக்கு மட்டும் சுமார் 17 மில்லி பெட்ரோல் வேண்டும். 80 கி.மீ. என்றால் 31 மில்லி. பிரேக் அடித்தால் அத்தனையும் சூடாகி காற்றோடு போச்சு.

லிட்டருக்கு 5 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொண்டால், 20 லிட்டருக்கு 100 ரூபாய். லிட்டர் 100 ரூபாய் கணக்கில் 17 மில்லியின் விலை 1.70 ரூபாய். 60-இல் போய் பிரேக் அடித்து நின்று மறுபடி 60-க்குப் போவது, சுமார் 60 தடவை நடந்தால் அந்த 100 ரூபாய் அவுட். லிட்டருக்கு 18 கி.மீ. தரும் கார் 20 லிட்டரில் 360 கி.மீ. ஓடும். அதாவது 6 கி.மீ.க்கு ஒரு தேவையில்லாத பிரேக் போதும்!

லாரியிடம் இடைவெளி விட்டு, முன்கூட்டியே காலை எடுத்துவிட்டால் இதில் பெரும்பகுதி மிச்சம். கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் இன்றைய கார்களில் இன்ஜெக்டரே பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில் உருட்டினால் மிச்சம் என்று நினைப்பவர்கள் கவனிக்க: நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் வேண்டும்.

ஓவர்டேக் செய்யும்போது மட்டும் இந்தக் கணக்கு வேண்டாம். எதிரே வண்டி வருவதற்குள் முடிக்க எவ்வளவு மிதி வேண்டுமோ, அவ்வளவு மிதிக்கத்தான் வேண்டும்.