மலைப் பாதையில் வண்டி நின்றால் கோளாறு பெட்டியிலா, வயரிலா?

கீரிப்பாறை,-

ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் கீரிப்பாறை. 2 பருவ மழையும் இங்கே கொட்டும். அந்த மழையில் ஜீப் திடீரென "மக்கர்" பண்ணி, மீட்டர் முள் விழுந்து, எச்சரிக்கை விளக்கு எல்லாம் எரிந்தால் டிரைவருக்கு வயிற்றில் புளி கரையும்.

"கம்ப்யூட்டர் பெட்டி போச்சு, மாத்தணும்" என்பார் மெக்கானிக். பல ஆயிரம் ரூபாய் சமாச்சாரம். பெட்டிதான் குற்றவாளியா?

பேசும் வயர்கள்

இன்றைய வண்டிகளில் எஞ்சின், பிரேக், மீட்டர் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பெட்டி. அவை ஒன்றோடு ஒன்று பேசுவது முறுக்கிய 2 வயர்களில். இதற்குப் பெயர் "கேன்". ஜெர்மனியின் போஷ் கம்பெனி 1986-ல் அறிமுகம் செய்தது.

வயரை எலி கடித்தாலோ, இணைப்பில் ஈரம் ஏறிக் களிம்பு பிடித்தாலோ பேச்சு நின்றுவிடும். நல்ல பெட்டியும் செத்தது போலத் தெரியும்!

60 ஓம் கணக்கு

வயரின் 2 முனையிலும் 120 ஓம் தடை உண்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, டிரைவர் பக்கத்து 16 முனை சாக்கெட்டில் மல்டிமீட்டர் வைக்க வேண்டும். பல வண்டிகளில் 6, 14-வது முனைகள். சுமார் 60 ஓம் வந்தால் சரி.

120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. 0-வை ஒட்டி வந்தால் 2 வயரும் உரசுகின்றன.

60 வந்தும் பெட்டி பேசவில்லையா? அதற்குக் கரண்ட், எர்த், கிளை வயர் சரியா என்று பார்க்க வேண்டும். பெட்டியைச் சந்தேகிப்பது கடைசியில்தான்.

ஆகவே பணத்தை எடுக்குமுன் ஒரு கேள்வி கேட்கலாம்:

"அண்ணாச்சி, மீட்டர்ல எத்தனை ஓம் காட்டுது?"