கூரைமேல் எவ்வளவு பாரம் ஏற்றலாம்?

தைப்பூசம் நெருங்கும் நாட்களில் தண்ணீர்மலைக்குப் போகும் சாலைகளைக் கவனித்திருப்பீர்கள். தண்ணீர்ப் பந்தலுக்கான இரும்புக் குழாய்கள், மடக்கு மேசைகள், தார்ப்பாய்கள், அண்டாக்கள் எல்லாம் வந்து இறங்கும். அவற்றைச் சுமந்து வருபவை பெரும்பாலும் பிக்கப் வண்டிகள்தாம். விழா முடிந்ததும் அதே வண்டிகள் பாலிக் பூலாவுக்கு டுரியான் ஏற்றப் போகும். பள்ளி விடுமுறையில் கூடாரத்தோடு குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு கேமரன் மலைக்கும் புறப்படும்.

இத்தனை வேலைக்கும் இடம் போதவில்லை என்றதும் பலர் யோசிப்பது ஒன்றைத்தான். "மேலே ஒரு ரேக் போட்டுவிட்டால் என்ன?"

நல்ல யோசனைதான். ஆனால், "எவ்வளவு கனமான இரும்பில் செய்யலாம்?" என்று எல்லோரும் கேட்கிறோமே தவிர, "அந்தப் பாரம் வண்டியின் எந்தப் பாகத்தில் போய் இறங்கும்?" என்று கேட்பவர்கள் குறைவு. என் சித்தப்பா மகன் ரேக் போடப் புறப்பட்டபோது இரண்டாவது கேள்விக்கு விடை தேடி நானும் கூடவே அலைந்தேன். அப்போது தெரிந்துகொண்டவை உங்களுக்கும் உதவும்.

12 குழாய்களின் கணக்கு

தம்பி பந்தலும் சமையல் பாத்திரங்களும் வாடகைக்கு விடுகிறான். இரட்டைக் கேபின் பிக்கப் ஒன்றைப் பழையதாக வாங்கினான். இத்தகைய வண்டிகளில் பின்தொட்டியின் நீளம் ஏறக்குறைய 1.5 மீட்டர்தான். அவனுடைய பந்தல் குழாய்களோ 3 மீட்டர் நீளம். கேபின் கூரையிலிருந்து பின்தொட்டியின் கடைசி வரை ஒரே நீள ரேக்காகப் பற்றவைத்துவிடலாம் என்றார் மாமா. வீட்டில் எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது.

ஜெலுத்தோங் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் அளவு நாடாவை எடுப்பதற்கு முன், "வண்டியோட புத்தகம் இருக்கா தம்பி?" என்று கேட்டார். உரிமையாளர் கையேட்டில் கூரையின் பாரத்துக்கு எல்லை குறிப்பிட்டிருந்தது. அந்த வண்டிக்கு 75 கிலோ. பொதுவாக இந்த எல்லை 100 கிலோவைத் தாண்டுவது அரிது. பின்தொட்டி ஏறக்குறைய ஒரு டன் தாங்கும் வண்டி என்பதற்காகக் கூரையும் அப்படித் தாங்கிவிடாது.

அங்கேயே கணக்குப் போட்டோம். 25 மில்லிமீட்டர் சதுர இரும்புக் குழாய், 1.6 மில்லிமீட்டர் கனம் என்றால் மீட்டருக்குச் சுமார் 1.2 கிலோ. ஒரு சாதாரண ரேக்குக்கு 20 மீட்டராவது தேவை. அதற்கு 24 கிலோ, தாங்கிகளும் போல்ட்டுகளும் 4 கிலோ, மொத்தம் 28 கிலோ. ஒரு பொருளும் ஏற்றாமலே எல்லையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீர்ந்துவிட்டது. மீதி 47 கிலோ. பந்தல் குழாய் ஒன்றை நிறுத்துப் பார்த்தோம், 8 கிலோ. 12 குழாய்க்கு 96 கிலோ. ரேக்கையும் சேர்த்தால் கூரைமேல் 124 கிலோ.

"என்னக்கா, 12 குழாய் வைக்க முடியாதுன்னா ரேக் எதுக்கு?" என்றான் தம்பி. அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்த 12 குழாய்கள்தான் அவனுடைய தொழில். ஆனால், கூரைக்குக் கீழே பின்னிருக்கையில் உட்கார்ந்து போவது சித்தியும் அவன் மகளும்.

நிற்கும் வண்டியும் ஓடும் வண்டியும்

"கூரைமேல் நாலு பேர் ஏறி நின்றாலே ஒன்றும் ஆகவில்லையே" என்று சிலர் கேட்பதுண்டு. நிற்கும் வண்டியின் கூரை தாங்குவது வேறு, ஓடும் வண்டியின் கூரை தாங்குவது வேறு. கூரைக் கூடாரம் விற்பவர்கள் இரண்டு எண்கள் சொல்வதும் அதனால்தான். நின்ற நிலையில் தாங்கும் எடை பல மடங்கு அதிகம். அதில் குடும்பமே படுத்துத் தூங்கலாம். ஆனால், கூடாரத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டும்போது சிறிய எண்தான் கணக்கு.

காரணம் எளிது. ஓட்டத்தில் பாரம் கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை. உலர்ந்த சாலையில் அவசரமாகப் பிரேக் போட்டால், மேலே இருக்கும் 60 கிலோ சுமை சுமார் 40 கிலோ எடைக்கு ஈடான விசையோடு முன்னால் தள்ளும். 50 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதினால் அந்த விசை ஒரு டன்னையும் தாண்டிவிடும். ஒற்றைக் கயிற்றில் கட்டிய குழாய் ஈட்டியைப் போலப் பாயும்.

அந்தக் காலத்து வண்டிக்காரர்கள் மாட்டு வண்டியில் முன்பாரம், பின்பாரம் பார்த்துத்தான் மூட்டை அடுக்குவார்கள். பிக்கப்பில் மேல்பாரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிக்கப் இயல்பாகவே உயரமான வண்டி. கூரையில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் அதன் எடை மையத்தை இன்னும் மேலே தூக்கும். ஜாலான் துன் சார்டோன் வளைவுகளில் பாலிக் பூலாவுக்கு இறங்கிப் பாருங்கள், ஸ்டீரிங்கிலேயே அது தெரியும்.

பாலத்தில் காற்று

பினாங்கு வாசிகளுக்கு இன்னொரு கவலையும் உண்டு. முன்பு பெரிய சுமை என்றால் ஃபெர்ரியில் ஏற்றிவிடலாம். 2021 ஜனவரி முதல் ஃபெர்ரியில் நான்கு சக்கர வண்டிகளுக்கு இடமில்லை. ஆகவே, பட்டர்வொர்த்துக்கோ புக்கிட் மெர்தாஜாமுக்கோ போக வேண்டுமென்றால் பாலம்தான். 1985-இல் திறக்கப்பட்ட முதல் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம், அதில் 8.4 கிலோமீட்டர் கடல்மேல். 2014-இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர், அதில் ஏறக்குறைய 17 கிலோமீட்டர் கடல்மேல். மழைக்கு முன் வீசும் குறுக்குக் காற்றுக்கு அங்கே தடுப்பு எதுவும் இல்லை. தார்ப்பாய் போர்த்திய உயரமான சுமையைக் காற்று பாய்மரம் போலப் பிடித்துத் தள்ளும்.

எதிர்க்காற்றின் கணக்கும் உண்டு. வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 80-இல் போவதைவிட 110-இல் போகும்போது எதிர்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெறும் ரேக்கே எண்ணெய்ச் செலவைக் கூட்டும். தேவையில்லாத மாதங்களில் கழற்றி வைக்கும்படி ரேக்கைச் செய்துகொள்வது நல்லது.

கேபின் வேறு, தொட்டி வேறு

மாமா சொன்ன நீள ரேக்குக்குப் பட்டறைக்காரர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். பார்வைக்கு ஒரே வண்டியாகத் தெரிந்தாலும் பிக்கப்பின் கேபினும் பின்தொட்டியும் தனித்தனி. இரண்டும் கீழே உள்ள சேசிஸ் சட்டத்தின்மேல் அமர்ந்திருக்கின்றன. கேபின் ரப்பர் மெத்தைகளின்மேல் இருக்கிறது. மேடுபள்ளத்தில் சேசிஸ் முறுக்கிக்கொள்ளும்போது கேபின் ஒரு பக்கமும் தொட்டி ஒரு பக்கமும் அசையும். இரண்டையும் ஒரே இரும்பால் பிணைத்தால் எங்கேயாவது விரிசல் விடும். வெல்டிங் விட்டுப்போகலாம், இல்லையென்றால் கூரைத் தகடு கிழியலாம்.

அவர் சொன்ன மாற்றுவழி இது. கேபினுக்குப் பின்னால் தொட்டியின் முன்விளிம்பில் ஒரு சட்டம், தொட்டியின் பின்கோடியில் இன்னொரு சட்டம். இரண்டும் தொட்டியில் மட்டும் போல்ட் போட்டு நிற்கும். குழாய்கள் அந்த இரண்டின்மேல் கிடந்து, கேபினுக்கு மேலே கூரையைத் தொடாமல் நீண்டிருக்கும். பாரம் கூரைக்குப் போகாமல் தொட்டி வழியாகச் சேசிஸுக்கு இறங்கிவிடும். அண்டாக்களும் பந்தலின் அடித்தட்டுகளும் தொட்டியின் தரையில். கூரையில் ஒரு சிறிய அலுமினிய ரேக், அதில் தார்ப்பாயும் மடக்கு நாற்காலிகளும் மட்டும். "மேல வைக்கிற ஒவ்வொரு கிலோவும் வளைவுல கேள்வி கேக்கும்" என்றார் அவர். மாமா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அப்படியே செய்ங்க" என்றார்.

துளை போடுவதற்கு முன்

பழைய வண்டிகளில் கூரை ஓரமாக மழைநீர் ஓடும் விளிம்பு இருந்தது. ரேக்கின் கால்களை அதில் கவ்வ வைத்துவிடலாம். இன்றைய வண்டிகளில் அது இல்லை. சிலவற்றில் நிறுவனமே திருகுப் புள்ளிகள் வைத்திருக்கும். சிலவற்றில் கதவுச் சட்டத்தைக் கவ்வும் கால்கள் பொருத்தலாம். இரண்டும் இல்லை என்றால்தான் துளை.

துளையிடும் இடத்தைக் கண்ணளவில் முடிவு செய்யக்கூடாது. பல புதிய வண்டிகளில் கூரையின் பக்கவாட்டில், உள்துணிக்குப் பின்னால், விபத்தின்போது திரை போல விரியும் ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கும். ட்ரில் அதில் பட்டால் உங்கள் பிள்ளைகளின் தலையைக் காக்க வேண்டிய பொருளே வீணாகிவிடும். உள்துணியை இறக்கிப் பார்க்காமல் துளை போடுகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

துளையிட்ட விளிம்பில் துருத்தடுப்புப் பெயிண்ட் பூசி, காய்ந்தபின் சீலன்ட் வைத்து மூட வேண்டும். கடலோரக் காற்றில் உப்பு உண்டு. அலுமினிய ரேக்கில் ஸ்டெயின்லெஸ் போல்ட் நேரடியாகப் பட்டால், உப்பு ஈரம் சேர்ந்து அலுமினியத்தை அரித்துவிடும். இடையில் நைலான் வாஷர் போடுங்கள்.

உயரத்தையும் அளந்து வையுங்கள். பிக்கப்பின் உயரமே ஏறக்குறைய 1.8 மீட்டர். ரேக் 15 சென்டிமீட்டர் உயர்ந்தால், அடுக்குமாடி கார் நிறுத்துமிடங்களின் உயரத் தடுப்பை நெருங்கிவிடும்.

சட்டப் பக்கம் மறக்க வேண்டாம். நம் நாட்டில் வண்டிகள் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் வருகின்றன. வண்டியின் அமைப்பை மாற்றும் வேலை என்றால் ஜே.பி.ஜே. அனுமதி வேண்டும். என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை ஒரு வரைபடத்தோடு போய் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வெல்டிங் முடிந்தபின் கேட்பதில் பயனில்லை. காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். இழப்பீடு கோரும் நாளில் அந்தக் கடிதம் உதவும்.

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்

வானொலிக்காரி என்பதால் இதை மட்டும் சற்று அழுத்திச் சொல்கிறேன். ரேக் பொருத்திய முதல் வாரம் வண்டியில் பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள், எங்கள் நிகழ்ச்சியையும் சேர்த்துத்தான்! வேகம் கூடும்போது மெல்லிய விசில் சத்தம் கேட்டால் அது குறுக்குக் கம்பிகளுக்கிடையே காற்று. பெரிய ஆபத்தில்லை. மேட்டில் ஏறி இறங்கும்போது 'டக்' என்று கேட்டால் உடனே நிறுத்துங்கள், போல்ட் தளர்ந்திருக்கும். முதல் 100 கிலோமீட்டருக்குள் எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை முடுக்கிப் பார்ப்பது அவசியம். நைலான் கயிற்றுக்குப் பதிலாக ரேட்செட் பெல்ட் வாங்குங்கள். நீளமான சுமையை நான்கு மூலையிலும் கட்டி, முன்னால் பாயாதபடி தனியாக ஒரு பிடிப்பும் கொடுங்கள்.

கடைசியாக, கையேட்டில் உள்ள எல்லையிலிருந்து ரேக்கின் எடையைக் கழித்து, மீதி எத்தனை கிலோ என்பதை ஒரு ஸ்டிக்கரில் பெரிதாக எழுதி ஓட்டுநர் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். வண்டியை ஒரு நாளைக்கு இரவல் கேட்டு வாங்கிப்போகும் மச்சானுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரிந்திருக்காது. அவர் கண்ணிலும் அந்த எண் படட்டும்.