வடலி இல்லாத கரை

என் கெண்டைக்காலில் ஒரு பழைய தழும்பு. ஆனையூர்ப் பக்கம் கண்மாய்க் கரையில் ஓடும்போது வடலியின் கருக்கு அறுத்தது. அந்த நாளில் கரையில் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். ஓங்கிய பனைகளுக்கு அடியில் முழங்கால் உயரம், இடுப்புயரம், ஆள் உயரம் என்று வடலிகள் நெருக்கியடித்து நிற்கும். பாட்டனும் தகப்பனும் பேரனும் ஒரே வீட்டில் இருந்த மாதிரி.

ஆனையூர் 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. கரையில் இன்றும் சில பனைகள் நிற்கின்றன. மரம் குறைந்ததைவிட வேறொன்று என்னை உறுத்துகிறது: நிற்பவை எல்லாமே நெட்டைப் பனைகள். அடியில் ஒரு வடலி இல்லை.

இன்று பாளை விடும் பனை பதினைந்து, இருபது வருஷத்துக்கு முன்பே முளைத்தது. அதனால் முளைப்பது நின்றுபோனாலும் ஒரு தலைமுறைக்கு யாருக்கும் தெரியாது. நெட்டைப் பனை நின்று மறைத்துவிடும். உள் மங்கோலியாவின் ஹுன்ஷாண்டக் மணல்வெளியில் எல்ம் மரங்களுக்கும் இதே கதிதான். பெரிய மரங்கள் நிழல் தருகின்றன. கன்றுகளை மந்தைகள் மேய்ந்துவிடுகின்றன.

பனை முளைக்கும் விதமே தனி. ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். ஒரு பழத்துக்குள் பெரும்பாலும் மூன்று கொட்டை. முளை மேலே வராது. முதலில் மண்ணுக்குள் இறங்கும். இறங்கிய இடத்தில் கிழங்கு கட்டும். பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்பது அதைத்தான். தோண்டாமல் விட்டால் ஒற்றை ஓலை வெளியே எட்டிப் பார்க்கும். அதன் பிறகும் தண்டு தெரியப் பல வருஷம். ஆணா பெண்ணா என்பது பாளை விட்ட பிறகுதான் தெரியும்.

இத்தனைக்கும் வேண்டியது இளகிய மண். இப்போது பல கண்மாய்க் கரைகள் வண்டி ஓடி இறுகிவிட்டன, அல்லது கல் பதித்துவிட்டார்கள். கோடையில் சருகுக்கு வைக்கும் தீ குருத்தைக் கருக்குகிறது. முள் அகற்ற வரும் பொக்லைனுக்கு வடலியும் ஒரு புதர்தான். குலைகளையெல்லாம் நுங்குக்கே வெட்டிவிட்டால் பழுத்து விழ எது மிஞ்சும்? அன்று ஏறுகிறவர் எல்லா மரத்திலும் ஏறமாட்டார். விட்ட மரத்தின் பழம் விதையானது. ஏற ஆளில்லாத மரம் செங்கல் சூளைக்கு விறகாகப் போனது. சீமைக்கருவேலத்தை வெட்டினாலும் தழைக்கும், அதன் நெற்றைத் தின்ற ஆடே விதையைப் பரப்பும். பனைக்கு இருப்பது ஒரே குருத்து.

2021இல் வந்த தமிழ்நாட்டின் முதல் வேளாண் பட்ஜெட் 76 லட்சம் பனை விதை, ஒரு லட்சம் கன்று என்று அறிவித்தது. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றது. மனதார வரவேற்கிறேன். ஊன்றிய விதையை எண்ணுவதுபோல, ஐந்தாம் வருஷம் நிற்கும் வடலியையும் யாராவது எண்ண வேண்டும்.

போன புரட்டாசியில் கரைச் சரிவில், மண் இளகிய இடமாகப் பார்த்து முப்பது கொட்டை ஊன்றினேன். ஒன்பது ஓலை விட்டிருக்கிறது. ஆடு நெருங்காமல் சுற்றிலும் சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருக்கிறேன்.