அம்பு இல்லாத வில்! சுப்பு ஆறுமுகத்தின் கதை

வில் என்றால் அம்பு வேண்டும். ராமன் கையில் இருந்த வில்லுக்கு அம்பு உண்டு. அர்ச்சுனன் கையில் இருந்த வில்லுக்கும் அம்பு உண்டு.

இந்த வில்லுக்கு அம்பு கிடையாது!

இதில் மணிகள்தான் தொங்கும். கோலால் அடித்தால் "ஜல், ஜல்" என்று சத்தம் கேட்கும். அடிக்கிறவர் பாடுவார். பாட்டை நிறுத்திவிட்டுக் கதை சொல்லுவார். எதிரே இருக்கும் கூட்டம் சிரிக்கும். அடுத்த நிமிஷமே கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

இப்படி ஒரு வில்லை வைத்துக்கொண்டு 70 ஆண்டுக் காலம் பாட்டும் கதையுமாக வாழ்ந்தவர், சுப்பு ஆறுமுகம். பாட்டை எழுதியவரும் அவரே. பாடியவரும் அவரே.

தெற்கே வில், வடக்கே கூத்து

திருவள்ளூர் பக்கத்து ஜனங்களுக்குத் தெருக்கூத்து தெரியும். திரவுபதி அம்மன் கோவில் திருவிழாவில் பாரதக் கூத்து பார்த்திருப்பார்கள். வில்லுப்பாட்டு அப்படி அல்ல. அது தெற்கத்திச் சரக்கு. காக்களூர் தொழிற்பேட்டையில் திருநெல்வேலிக்காரர் யாராவது வேலை பார்த்தால் அவரைக் கேட்டுப் பாருங்கள். "எங்கள் ஊர்க் கொடைக்கு வில்லு இல்லாமலா?" என்பார்.

"கொடை" என்பது நெல்லை, குமரிப் பக்கத்தில் ஊர்த் தெய்வங்களுக்கு நடக்கும் திருவிழா. சுடலைமாடன், முத்தாரம்மன், இசக்கி அம்மன் ஆகிய தெய்வங்களுக்குக் கொடை கொடுப்பார்கள். ராத்திரி முழுவதும் வில்லுப்பாட்டு நடக்கும். அந்தத் தெய்வம் எப்படிப் பிறந்தது, எப்படி அந்த ஊருக்கு வந்தது என்று கதை ஓடும்.

வில் ஆள் உயரத்தை விட நீளமானது. அதைக் குடத்தின் மேல் வைத்துக் கட்டியிருப்பார்கள். வில்லின் நாணை அடிக்கும் கோலுக்கு "வீசுகோல்" என்று பெயர். நடுவில் அமர்ந்து வீசுகோலைப் பிடிப்பவர்தான் தலைமைப் பாடகர். ஒருவர் குடத்தைத் தட்டுவார். ஒருவர் உடுக்கை அடிப்பார். தாளம் போட ஒருவர், கட்டை அடிக்க ஒருவர்.

இவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. "ஆமா" போடுவது! "ஒரு ஊரிலே ஒரு ராஜா" என்று தலைவர் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" என்பார். லேசான வேலை என்று நினைக்கவேண்டாம். அந்த "ஆமா" தப்பான இடத்தில் விழுந்தால் கதையே படுத்துவிடும்.

கதை உச்சிக்குப் போகும்போது உடுக்கை வேகம் எடுக்கும். பாட்டும் வேகம் எடுக்கும். கோவில் முன்னால் நிற்கும் கோமரத்தாடிக்கு அருள் வந்துவிடும். அவர் ஆடுவார். ஊரே கை கூப்பும். அருள் வரும்படி பாடினால்தான் பாடகருக்குப் பெயர். வராவிட்டால் அடுத்த ஆண்டு வேறு கோஷ்டியைத் தேடுவார்கள்!

16 வயதுக் கவிஞர்

இந்தச் சத்தம் கேட்கும் சீமையில், திருநெல்வேலியை அடுத்த சத்திரம் புதுக்குளத்தில், 1928-ம் ஆண்டு பிறந்தவர் ஆறுமுகம். தகப்பனார் பெயர் சுப்பையா பிள்ளை. பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே பாட்டுக் கட்டும் பழக்கம் வந்துவிட்டது. 16 வயதில் "குமரன் பாட்டு" என்று ஒரு கவிதைப் புத்தகமே வந்துவிட்டது.

கிராமத்தில் பாட்டுக் கட்டுகிற பையன்கள் நிறையப் பேர் உண்டு. பெரும்பாலோர் பாட்டு அந்த ஊர் எல்லையைத் தாண்டுவது இல்லை. ஆறுமுகத்தின் பாட்டு தாண்டியது. தாண்ட வைத்தவர் ஒரு சிரிப்பு நடிகர்.

கலைவாணர் அழைத்தார்

என். எஸ். கிருஷ்ணன் நாகர்கோவில்காரர். வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர். சினிமாவில் சிரிப்பு நடிகராகக் கொடிகட்டிப் பறந்தபோது, லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிக்கினார். 2 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். 1947-ல் குற்றவாளி அல்ல என்று விடுதலை ஆனார்.

மறு ஆண்டு ஜனவரி 30-ந் தேதி காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். நாடே அழுதது. காந்தியின் கதையை வில்லுப்பாட்டாக மேடையில் சொல்ல நினைத்தார் கலைவாணர்.

இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வில்லில் அதுவரை சுடலைமாடன் கதை பாடினார்கள். முத்துப்பட்டன் கதை பாடினார்கள். செத்துத் தெய்வமானவர்களின் கதைகள் அவற்றில் நிறைய உண்டு. காந்தியும் கொலையுண்டு இறந்தவர்தான். தெற்கத்தி ஜனங்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரிந்திருக்கும். கலைவாணர் தேர்ந்தெடுத்த வடிவம் சரியான வடிவம்.

பாட்டு எழுத ஆள் வேண்டுமே! 1948-ல் ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்து வந்தார். அப்போது ஆறுமுகத்துக்கு 20 வயது.

கலைவாணருக்குப் பழைய பாத்திரத்தில் புதிய சரக்கு வைப்பது பிடிக்கும். நந்தனார் கதைக் காலட்சேபத்தைப் போலவே, படிப்புக்காக ஏங்கும் பையன் கதையை "கிந்தனார்" என்று செய்து காட்டியவர் அவர். அந்த வித்தையை ஆறுமுகம் பக்கத்தில் இருந்தே கற்றுக்கொண்டார். கலைவாணரின் படங்களுக்குச் சிரிப்புக் காட்சிகளும் எழுதினார். 19 படங்கள் என்று கணக்குச் சொல்லுகிறார்கள்.

ஆனால் படம் பார்ப்பவர்கள் "கிருஷ்ணன் தமாஷ்" என்றுதான் சொல்லுவார்கள். எழுதியது யார் என்று கேட்பது இல்லை. சினிமாவில் அது வழக்கம்.

தனி வில்

1957 ஆகஸ்டு 30-ந் தேதி கலைவாணர் காலமானார். ஆறுமுகத்துக்கு 29 வயதுதான்.

அழைத்து வந்தவர் போய்விட்டார். இனி என்ன? சினிமா இருந்தது. பின்னால் நாகேஷ் புகழின் உச்சிக்கு வந்தார். அவருக்கும் ஆறுமுகம் சிரிப்புக் காட்சிகள் எழுதினார். அது சுமார் 60 படம். சினிமாவே போதும் என்று இருந்திருக்கலாம். கையில் காசும் புரளும்.

அவர் வில்லை விடவில்லை. சினிமாவில் எழுதுகிறவன் திரைக்குப் பின்னால் நிற்கவேண்டும். வில்லுக்குப் பின்னால் எழுதியவனே உட்காரலாம். தன் சொல்லுக்கு ஜனங்கள் சிரிக்கிறார்களா, கொட்டாவி விடுகிறார்களா என்று கண்ணாலேயே பார்க்கலாம். பாட்டுக்காரன் ஒருவனுக்கு இந்த ஆசை இருக்கத்தானே செய்யும்!

ஆனால் சென்னை சபாவில் கோமரத்தாடி கிடையாது. எவ்வளவு வேகமாக உடுக்கை அடித்தாலும் நாற்காலியில் இருப்பவருக்கு அருள் வராது. ராத்திரி முழுவதும் உட்காரவும் மாட்டார். கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். ஆகவே விடிய விடிய நடக்கும் கதை ஒன்றிரண்டு மணிக்குள் அடங்கியது. அருள் இருந்த இடத்தில் சிரிப்பு வந்து உட்கார்ந்தது. "ஆமா" போடுகிறவர் வெறும் ஆமா போடாமல் எதிர்க்கேள்வி கேட்டார். தலைவர் மடக்கினார். கூட்டம் கைதட்டியது.

மேடை மட்டும் அல்ல, ரேடியோவிலும் டெலிவிஷனிலும் அவர் வில் ஒலித்தது. மகாபாரதமும் ராமாயணமும் அவர் கையில் வில்லிசை ஆகிப் புத்தகமாகவும் வந்தன. வடக்கே கூத்துக்காரர் வேஷம் கட்டி, பல ராத்திரி ஆடுகிற பாரதத்தை அவர் உட்கார்ந்த இடத்தில் இருந்தே பாடினார். வேஷம் இல்லை, கிரீடம் இல்லை. துரியோதனனும் அவர்தான். திரவுபதியும் அவர்தான்.

அதே காலத்தில், கடல் கடந்து இங்கிலாந்திலும் ஒருவர் இதே மாதிரி வேலையைச் செய்தார். அவர் பெயர் ஈவன் மக்கால். பழைய நாட்டுப்பாடல்களின் மெட்டிலும் நடையிலும், தன் காலத்துத் தொழிலாளிகளைப் பற்றிப் புதுப்பாட்டுகள் எழுதிப் பாடியவர். பிரேக் பழுதான ரெயிலை விட்டுக் குதிக்காமல் உயிரை விட்ட ஜான் ஆக்சன் என்ற டிரைவரின் கதையை, 1958-ல் பி.பி.சி. ரேடியோவில் பாட்டும் பேச்சுமாகத் தந்தார்கள். பாட்டு எழுதியவர் மக்கால். ஒருவர் பெயரை ஒருவர் கேள்விப்பட்டிருப்பாரா என்பது சந்தேகமே. வேலை மட்டும் ஒன்று. பாட்டனார் காலத்துப் பாட்டில் பேரன் காலத்துச் செய்தி!

மனக்குறை உண்டா?

உண்டு. "இது வில்லுப்பாட்டே அல்ல. கொடையில் பாடுவதுதான் வில்லுப்பாட்டு. மேடையில் பாடுவதற்கு வில்லிசை என்று வேறு பெயர் வைத்துக்கொள்ளட்டும்" என்று பிரித்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கொடை வில்லுப்பாட்டு ஒரு பூஜை. அங்கே பாடகர் தெய்வத்துக்குப் பதில் சொல்லவேண்டும். சபாவில் டிக்கெட் வாங்கியவருக்குப் பதில் சொன்னால் போதும். பட்டணத்து மேடையில் விருதும் மாலையும் கிடைக்கும்போது, கோவில் பந்தலில் தொண்டை வற்றப் பாடும் கோஷ்டிக்கு அன்றைய கூலிதான் கிடைக்கிறது.

என்றாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். கொடை வில் சாகவில்லை. நெல்லையிலும் தூத்துக்குடியிலும் குமரியிலும் இன்றைக்கும் ஆடி மாதம் போனால் கேட்கலாம். பல கோஷ்டிகளில் பெண்களே நடுவில் உட்கார்ந்து வீசுகோல் பிடிக்கிறார்கள். வில்லையே பார்த்திராத வட மாவட்டத்துக்காரர்களுக்கு அதன் பெயரும் சத்தமும் தெரிந்ததற்கு, கலைவாணருக்கு அடுத்தபடியாக ஆறுமுகம்தான் காரணம். இரண்டும் உண்மை.

93 வயதில் பத்மஸ்ரீ

1975-ல் கலைமாமணி விருது வந்தது. 2004-ல் சங்கீத நாடக அகாடமி விருது. 2015-ல் வெளியான கமல்ஹாசனின் "உத்தம வில்லன்" படத்தில் வில்லுப்பாட்டு வருகிறதே, அதிலும் அவர் பங்கு உண்டு. அப்போது அவருக்கு 86 வயது!

2021-ல் மத்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. 20 வயதில் காந்தி கதை எழுத வந்தவருக்கு அந்த விருது வந்து சேர 73 ஆண்டு ஆயிற்று. தாமதம்தான். ஆனாலும் உயிரோடு இருக்கும்போதே வந்தது.

2022 அக்டோபர் 10-ந் தேதி சென்னையில் காலமானார். வயது 94.

மகள் பாரதி திருமகன் சிறு வயது முதலே தகப்பனாரோடு மேடை ஏறியவர். இப்போது நடுவில் உட்கார்ந்து வீசுகோல் பிடிப்பவர் அவர். கணவர் திருமகனும் மகன் கலைமகனும் கூடவே பாடுகிறார்கள்.