எல்லைக்கு வெளியே ஒரு சரணாலயம்

தாணே கழியின் பூநாரைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. கடல் ஏறும்போது அவை ஒதுங்கும் ஏரிகளின் கதி?

நவி மும்பை தன்னைப் 'பூநாரை நகரம்' என்று பெருமையோடு அழைத்துக்கொள்கிறது. சுவர்களில் இளஞ்சிவப்புப் பறவைகள் ஓவியமாக நிற்கின்றன. சாலைச் சந்திப்புகளில் சிலையாக நிற்கின்றன. ஏரியைப் பார்த்த வீட்டுக்கு விலை கூடுதல். அந்த ஏரியையே தூர்த்து வீடு கட்டினால் லாபம் இன்னும் கூடுதல். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

மும்பைக்கும் நவி மும்பைக்கும் நடுவே கிடக்கிறது தாணே கழி. இதில் சுமார் 1,690 ஹெக்டேர் பரப்பை மகாராஷ்டிர அரசு 2015 ஆகஸ்டில் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. 896 ஹெக்டேர் அலையாத்திக் காடு. மீதி நீரும் சேறும். 2022-ல் ராம்சர் பட்டியலிலும் இடம் கிடைத்தது. மழைக்காலம் முடிந்ததும் கட்ச் பகுதியிலிருந்து பூநாரைகள் வரத் தொடங்கும். மே மாதம் வரை தங்கும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் எண்ணப்பட்ட ஆண்டுகளும் உண்டு.

ஆனால் இந்தப் பறவைகளின் நாள் முழுவதும் சரணாலயத்துக்குள் கழிவதில்லை. கடல் வற்றும்போது கழியின் சேற்றுப் பரப்பு வெளியே தெரியும். பூநாரைகள் அங்கே பாசியையும் நுண்ணுயிர்களையும் மேயும். கடல் ஏறும்போது அந்த மேய்ச்சல் நிலம் மூழ்கிவிடும். மீண்டும் வற்றும் வரை நிற்பதற்கு ஆழமில்லாத நீர் வேண்டும். அதற்காக அவை பறந்து செல்வது நவி மும்பையின் நேருல், சீவுட்ஸ் பகுதி ஏரிகளுக்கு. அவை சரணாலய எல்லைக்கு வெளியே, அடுக்குமாடிகளின் காலடியில் இருக்கின்றன. மேயும் இடத்தைக் காப்பாற்றி, ஒதுங்கும் இடத்தைக் கைவிட்டால் சரணாலயத்தில் பெயர்ப்பலகைதான் மிஞ்சும்.

அந்த ஏரிகள் நகரத்துக்கும் தேவை. நவி மும்பையின் பல பகுதிகள் சதுப்பு நிலத்தில், கடல் ஏறும் மட்டத்துக்குக் கீழே எழுந்தவை. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் கொட்டும் மழைநீரைத் தேக்கி, வற்றும்போது வெளியேற்ற நெதர்லாந்து பாணியில் தேக்கக் குளங்கள் அமைக்கப்பட்டன. தாழ்ந்த நிலத்தைத் தூர்த்தால் தண்ணீர் வீதிக்குத்தான் வரும்.

இத்தனைக்குப் பிறகும் நிலத்தின் மீதான கண் அகலவில்லை. நேருலில் கடல்சார் பயிற்சி நிறுவனத்தை ஒட்டிய நீர்நிலைப் பகுதியில் கோல்ஃப் மைதானமும் குடியிருப்பும் கட்டத் திட்டம் தயாரானது. அதற்காக நிலப் பயன்பாட்டு விதியே மாற்றப்பட்டது. அப்பகுதி மக்கள் நீதிமன்றம் போனார்கள். 2018 நவம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அந்த மாற்றத்தை ரத்து செய்தது. விவகாரம் மேல்முறையீடாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் அலையாத்திக் காடுகளை அழிக்கவும், அவற்றைச் சுற்றி 50 மீட்டருக்குள் கட்டவும் உயர் நீதிமன்றம் தடை விதித்திருந்தது. அலையாத்தி மரம் நிற்கும் இடத்துக்கு இந்தத் தீர்ப்பு வலுவான அரண். மரமில்லாத திறந்த நீர்ப்பரப்புக்கு அந்த அரண் இல்லை. பூநாரைக்கு வேண்டியதோ திறந்த நீர்ப்பரப்பு.

அருகிலுள்ள பள்ளியின் பெயரால் டி.பி.எஸ். ஏரி என்று அழைக்கப்படும் 30 ஏக்கர் நீர்நிலை இன்னொரு பாடம். கடல்நீர் வந்து போகும் வழிகள் அடைபட்டதால் 2024-ல் ஏரி வறண்டது. அந்தக் கோடையில் சுற்றுவட்டாரத்தில் பூநாரைகள் செத்து விழுந்தன. மே 20-ஆம் தேதி இரவு காட்கோபர் மேலே தரையிறங்க வந்த விமானத்தில் மோதி முப்பதுக்கு மேற்பட்டவை மடிந்தன. ஏரி வறண்டதுதான் அந்த மோதலுக்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆனால் ஒதுங்க இடமில்லாத பறவைக் கூட்டம் வானத்தில் அலைவது விமானங்களுக்கும் ஆபத்து. நவி மும்பையின் புதிய விமான நிலையம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட பிறகு இந்தக் கவலை கூடியிருக்கிறது.

தெருவில் நின்று போராடிய குடியிருப்புவாசிகளுக்கு ஒரு வெற்றியும் கிடைத்தது. 2025 ஏப்ரலில் மாநில வனவிலங்கு வாரியம் டி.பி.எஸ். ஏரியைப் பாதுகாப்பகமாக்க ஒப்புதல் தந்தது. மற்ற ஏரிகளின் காவலர்களுக்கும் அது தெம்பு தரும் முன்னுதாரணம்.

இனி கவனிக்க வேண்டியது கடல்நீர் நுழையும் வாய்க்கால்களை. ஏரியை அழிக்க மண் லாரிகள் வரவேண்டியதில்லை. நீர்வழியை அடைத்துவிட்டால் போதும். நீர் வற்றும், பறவை போய்விடும். அப்புறம் அங்கே இருந்தது ஏரியே இல்லை, வெறும் மனை என்று சொல்வது சுலபம்.