இன்னும் ஒரே ஒரு கட்டம்

எர்ணாகுளம் பக்கமிருந்து மட்டாஞ்சேரிக்கு வாட்டர் மெட்ரோ படகில் வரும்போது காயலைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள். உள்ளூர்க்காரர்கள் நாங்கள் குனிந்திருப்போம். ரீல்ஸ் பார்ப்பவர்களைச் சட்டென்று அடையாளம் கண்டுவிடலாம், கட்டைவிரல் ஓயாது. இன்னொரு கூட்டம் உண்டு. விரல் அசையாது, புருவம் நெரிந்திருக்கும், உதடு மட்டும் முணுமுணுக்கும்: “இங்கே 4 வராது, அப்போ அங்கே 7.” சுடோகு, மைன்ஸ்வீப்பர், குப்பியில் வண்ணத் தண்ணீர் பிரிப்பது, ராணிகளை ஒன்றையொன்று தொடாமல் வைப்பது என்று ஆளுக்கொன்று. “சேச்சி, ஜெட்டி வந்தாச்சு” என்று பக்கத்தில் இருப்பவர் தோளைத் தொட்டால்தான் எழுந்திருப்பார்கள்.

இவர்களை யாரும் கண்டிப்பதில்லை. பிள்ளை துப்பாக்கி விளையாட்டு ஆடினால் பதறும் அதே வீட்டில், நள்ளிரவு தாண்டியும் அம்மா எண்களை நிரப்பிக்கொண்டிருப்பது யார் கண்ணையும் உறுத்தாது. மூளைக்கு நல்லதுதானே என்று விட்டுவிடுவார்கள். கடைக் கணக்கை முடித்துவிட்டு ‘ஒரே ஒரு ஆட்டம்’ என்று உட்காரும் அப்பாவுக்கும் இதே சலுகைதான்.

தீர்ந்துபோகாத புதிர்

இன்றைய சுடோகுவின் வடிவம் 1979-ல் அமெரிக்காவின் டெல் புதிர் இதழில் வந்தது. அமைத்தவர் ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற கட்டடக் கலைஞர். ஜப்பானின் நிக்கோலி நிறுவனம் 1984-ல் அதை எடுத்து வெளியிட்டுப் பெயர் சூட்டியது. 2004 நவம்பரில் லண்டனின் ‘தி டைம்ஸ்’ வெளியிடத் தொடங்க, அங்கிருந்து உலக நாளிதழ்களுக்கெல்லாம் பரவியது. அப்போது அதனால் யாருடைய தூக்கமும் பெரிதாகக் கெடவில்லை. நாளைக்கு ஒன்றுதான் வரும். போட்டு முடித்தாலும் முடியாவிட்டாலும் விடை மறுநாள். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போகலாம்.

கைப்பேசியில் அந்த மடிப்பு இல்லை. முடித்ததும் ‘அடுத்தது’ என்ற பொத்தான் தயாராக நிற்கும். நிரப்பப்பட்ட சுடோகு சட்டகங்கள் மொத்தம் எத்தனை அமையக்கூடும் என்று 2005-ல் கணக்கிட்டார்கள். விடை 22 இலக்க எண். ஏழு தலைமுறை உட்கார்ந்து போட்டாலும் தீராது. ஜோஷ் வார்டில் 2021-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட ‘வேர்டில்’ மட்டும் இதற்கு நேர்மாறு: ஒரு நாளைக்கு ஒரு சொல், அவ்வளவுதான். பல கோடிப் பேர் அதை ஆடினார்கள், ஆனால் அதனால் விடிய விடிய விழித்தவர்கள் அரிது.

ஆகவே பழியைத் தர்க்கத்தின் மேல் போடுவது சரியல்ல என்பது என் கட்சி. நம்மைப் பிடித்து வைப்பது, ‘போதும்’ என்று சொல்ல ஆளில்லாத அமைப்பு. ஆடுபுலி ஆட்டமும் தர்க்க விளையாட்டுதான். மூன்று புலி, பதினைந்து ஆடு, எதிரே ஓர் ஆள். அந்த ஆளுக்குப் பசித்தால் ஆட்டம் முடிந்தது. எங்கள் மட்டாஞ்சேரி யூத வீதியில் மிளகு வியாபாரிகள் மண்டபத்தில் கூடிக் கூவி விலை பேசிய காலத்திலும் அப்படித்தான். மண்டபம் சாத்தினால் வியாபாரமும் சாத்தப்பட்டது.

மரோட்டிச்சாலில் நடந்தது

திருச்சூர் மாவட்டத்தில் மரோட்டிச்சால் என்றொரு மலையோரக் கிராமம். கள்ளச்சாராயமும் சூதாட்டமும் குடும்பங்களை அரித்துக்கொண்டிருந்த காலத்தில், சி. உண்ணிகிருஷ்ணன் என்பவர் சதுரங்கம் கற்றுக்கொண்டு வந்து, தம் டீக்கடையில் வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார். குடித்துக்கொண்டிருந்தவர்கள் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். இன்று ‘செஸ் கிராமம்’ என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை அந்த ஊரைப் பற்றி எழுதிவிட்டன. தர்க்க விளையாட்டு ஒரு பழக்கத்தை உண்டாக்கவில்லை, ஒழித்தது. பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு மனித முகம் இருந்தது என்பதை இதில் மறக்கக் கூடாது.

மண்டைக்குள் என்ன நடக்கிறது?

ரொம்ப எளிதானது சலிக்கும், ரொம்பக் கடினமானது விரட்டும். இரண்டுக்கும் நடுவில் திறமைக்குச் சரியாக ஒரு சவால் கிடைத்தால் நேரம் போவதே தெரியாது. அமெரிக்க உளவியலாளர் சிக்சென்ட்மிஹாயி இந்த நிலையைப் பற்றி வாழ்நாளெல்லாம் எழுதினார். நல்ல வீணைக் கச்சேரி நடத்துபவருக்கும் அது வாய்க்கும். கைப்பேசிப் புதிர்கள் ‘எளிது, நடுத்தரம், கடினம்’ என்று படி வைத்து அதே நிலையை யாருக்கும் எப்போதும் பரிமாறுகின்றன.

பாதியில் விட்ட வேலை மனதில் நின்றுகொண்டே இருக்கும் என்று புளூமா செய்கார்னிக் 1927-ல் எழுதினார். பின்னால் வந்த ஆய்வுகளில் சில அதை உறுதிப்படுத்தவில்லை. ஆனால் இரண்டு கட்டம் பாக்கி இருக்கும்போது அடுப்பில் பால் பொங்குவதைக் கேட்டவர்களுக்கு அவர் சொன்னது புரியும்.

எனக்கு மிகவும் வியப்பானது டெட்ரிஸ் ஆய்வு. மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் 1984-ல் உருவாக்கிய அந்த விளையாட்டை ஆடவைத்து, பிறகு அந்த ஆட்களைத் தூங்கச் சொன்னார் ஹார்வர்டைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டிக்கோல்ட். கண் அயரும் நேரத்தில் துண்டுகள் விழுவது தெரிந்ததாகப் பலர் சொன்னார்கள். மூளைப் பாதிப்பால் புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாத சிலரும் அந்த ஆய்வில் இருந்தார்கள். விளையாடியதே அவர்களுக்கு ஞாபகமில்லை. ஆனாலும் அவர்களில் சிலருக்குத் துண்டுகள் விழுந்தன! 2000-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த செய்தி இது. படுத்தபின் இமைக்குள் கட்டங்கள் நகர்ந்தால் பயப்பட வேண்டாம், அது நோயல்ல. படுப்பதற்கு வெகு அருகில் ஆடியிருக்கிறோம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மூளைக்கு நல்லதுதானே?

சுடோகு போடப் போட சுடோகு நன்றாக வரும். அதனால் மறதி நோய் வராது என்று உறுதிகூற இன்றைய சான்றுகள் போதாது. ‘லுமோசிட்டி’ என்ற மூளைப்பயிற்சிச் செயலியை நடத்திய நிறுவனம், முதுமை மறதியைத் தள்ளிப்போடலாம் என்ற தொனியில் விளம்பரம் செய்ததற்காக 2016-ல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. பொழுதுபோக்கு என்று ஆடுங்கள், மருந்து என்று ஆட வேண்டாம்.

உடம்பு பேசும் இடங்கள்

திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது வெகுவாகக் குறைகிறது. கண் உலர்ந்து, மணல் விழுந்தது போல உறுத்தும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளி இருக்கும் எதையாவது இருபது வினாடி பார்க்கச் சொல்கிறார்கள் கண் மருத்துவர்கள். படகில் இருந்தால் அதற்குத்தான் காயல் இருக்கிறதே.

நிமிர்ந்திருக்கும்போது சுமார் 5 கிலோ எடையுள்ள தலை, 60 பாகை குனிந்தால் கழுத்தெலும்பின்மேல் ஏறக்குறைய 27 கிலோவாக அழுத்தும் என்று 2014-ல் ஒரு கணினி மாதிரி காட்டியது. கட்டைவிரல் அடியில், மணிக்கட்டோரம் வலித்தால் அங்குள்ள தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். எண்ணெய் தேய்த்துக்கொண்டே ஆடாமல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

இவற்றைவிடப் பெரிய இழப்பு தூக்கம். திரையின் வெளிச்சம் ஒரு பங்கு. அதைவிட, கணக்குப் போட்டுச் சூடான மூளை உடனே அடங்காது.

பழக்கமா, நோயா?

உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆவது நோய் வகைப்பாடு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் ‘விளையாட்டுக் கோளாறு’ இடம்பெற்றுள்ளது. எத்தனை மணி நேரம் என்று அது கேட்பதில்லை. நிறுத்த நினைத்தும் முடியவில்லையா, மற்ற வேலைகளையும் விருப்பங்களையும் விளையாட்டு பின்னுக்குத் தள்ளிவிட்டதா, கெடுதல் தெரிந்தும் தொடர்கிறதா என்று பார்க்கிறது. இந்த நிலை பொதுவாகப் பன்னிரண்டு மாதமாவது நீடித்து, குடும்பமோ படிப்போ வேலையோ கணிசமாகக் கெட்டிருந்தால்தான் நோய். புதிர் ஆடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் இதில் வரமாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது சிகிச்சையல்ல, ஒரு வேலி.

வேலி போடும் வழி

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தமிழ்நாட்டில் 2025-ல் வந்த விதிமுறை, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை உள்நுழையத் தடை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. சுடோகுவுக்கு அரசு வந்து கதவடைக்காது. நாமே அடைக்க வேண்டும்.

அலாரம் வைப்பது பெரும்பாலும் பலிக்காது. புதிரின் நடுவில் அடித்தால் அணைத்துவிட்டுத் தொடர்வோம். நிமிடத்துக்குப் பதில் எண்ணிக்கை வைத்துக்கொள்ளுங்கள்: இன்று இரண்டு புதிர், முடிந்ததும் செயலியை மூடுவது. ‘தொடர்ந்து இத்தனை நாள்’ என்று கணக்குக் காட்டி இழுக்கும் அறிவிப்புகளை நிறுத்திவிடலாம். கைப்பேசி சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து வெளியேற்றுவது சின்ன வேலை, பலன் பெரிது. இதெல்லாம் வேண்டாம் என்பவர்கள் பழையபடி புத்தகத்துக்கும் பென்சிலுக்கும் போகலாம். அழித்து அழித்து எழுதக் கை தானாகச் சலித்துவிடும்.

யாரிடம் கேட்பது?

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கேரளக் காவல்துறை 2023-ல் ‘டி-டாட்’ என்ற டிஜிட்டல் பழக்க மீட்பு மையங்களைத் தொடங்கியது. கொச்சியிலும் ஒன்று இருக்கிறது. காவல்துறை என்றதும் வழக்கு, ஸ்டேஷன் என்று மிரள வேண்டாம். உளவியலாளர் பேசுவார், கட்டணம் இல்லை. பெரியவர்கள் ‘டெலி மானஸ்’ இலவச எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். தமிழிலும் மலையாளத்திலும் பேசுவார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் டிஜிட்டல் பழக்கத்துக்கென்றே ‘ஷட்’ என்ற சிகிச்சைப் பிரிவு 2014 முதல் இயங்குகிறது.

வீட்டில் வயதானவர் ஒருவர் நாள் முழுவதும் புதிரிலேயே இருந்தால் கைப்பேசியைப் பிடுங்க அவசரப்படாதீர்கள். வாழ்க்கைத் துணை போன வெறுமை, காது மந்தமாகிப் பேச்சில் கலந்துகொள்ள முடியாத கூச்சம், மனச்சோர்வு என்று பின்னால் வேறு ஏதாவது இருக்கலாம். முதலில் காதைப் பரிசோதியுங்கள், தூக்கத்தையும் பசியையும் விசாரியுங்கள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, “இந்தக் கட்டத்தில் என்ன வரும், அம்மா?” என்று கேட்டுப் பாருங்கள்.