ஸ்னாப்ஷாட் வேறு, பேக்கப் வேறு: வீட்டு சர்வர் குறிப்புகள்

பாகாயம் வீட்டில் ஓடும் சின்ன சர்வரில்தான் என் நடுகல், கல்வெட்டுப் படங்கள் எல்லாம் இருக்கு. சில கற்களை இனி அதே நிலையில் பார்க்க முடியாது. அதனால் இவற்றை எப்படிக் காப்பாற்றி வைக்கிறேன் என்று எழுதி வைக்கிறேன்.

பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறையில் ஸ்னாப்ஷாட் எடுக்க ஒரு நொடி போதும். அது எதையும் நகல் எடுப்பதில்லை. அந்த நேரத்து டேட்டாவை அழியாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். கோப்பை மாற்றினால் புது மாற்றம் வேறு இடத்தில் எழுதப்படும், பழையது அப்படியே இருக்கும். கை தவறி அழித்ததை மீட்க இது போதும். ஆனால் டிஸ்க் போனால் ஸ்னாப்ஷாட்டும் போச்சு. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை திரும்பவே இல்லை.

ஆகவே மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட். அதோடு தினமும் இரவு 2 மணிக்கு ரெஸ்டிக் மூலம் இரண்டு பேக்கப். ஒன்று வீட்டிலேயே தனி டிஸ்க்கில். மற்றது ஆம்பூரில் உறவினர் வீட்டில் இருக்கும் கணினிக்கு, என்கிரிப்ட் ஆகிப் போகும். ரெஸ்டிக் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி வேறு இடத்தில் வையுங்கள். அது தொலைந்தால் பேக்கப் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

நேரம் குறிக்க கிரானை விட சிஸ்டம்டி டைமர் நல்லது. 2 மணிக்கு கரண்ட் இல்லாமல் சர்வர் அணைந்திருந்தால் கிரான் அந்த நாளை விட்டுவிடும். டைமரில் 'பெர்சிஸ்டண்ட்' போட்டிருந்தால், சர்வர் திரும்ப எழுந்ததும் விட்ட வேலையை ஓட்டும்.

பெரிய ஆபத்து, பேக்கப் சத்தமில்லாமல் நின்றுபோவது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் முதன்மை டேட்டாபேஸைத் தவறுதலாக அழித்தார். பேக்கப்பைத் தேடினால், இருக்கவேண்டிய இடம் காலி. பேக்கப் மென்பொருளின் பதிப்பு பொருந்தாததால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கு. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டன. வேறொரு வேலைக்காக 6 மணி நேரம் முன்பு எடுத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது.

அதனால் "தோற்றால் சொல்" என்பதை நம்பாதீங்க. என் ஸ்கிரிப்ட் வெற்றியாக முடிந்தால் மட்டும் வெளியே உள்ள ஒரு கண்காணிப்புச் சேவைக்குச் செய்தி அனுப்பும். 26 மணி நேரத்தில் செய்தி வராவிட்டால் அந்தச் சேவை என் போனுக்கு எச்சரிக்கை தரும். சர்வரே செத்தாலும் இது வேலை செய்யும்.

மாதம் ஒரு ஞாயிறு, ஆம்பூர் பேக்கப்பிலிருந்து ஏதாவது பத்துப் படங்களை வேறு கணினியில் மீட்டுத் திறந்து பார்க்கிறேன். அரை மணி நேர வேலை.